பட்டறைத் தெரு, நாற்பத்தேழாம் எண்

ஜூன் 3

மாண்புமிகு அக்கா அவர்களுக்கு,

இதனால் உலகத்தாருக்கும், குறிப்பாக வெளியூரில் வசிக்கும் உடன்பிறந்தாருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: இன்று காலை ஏழு பத்துக்கு, நம் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியின் முன்பு, உன் தம்பியின் மேலுதட்டு முடிகள் முறைப்படி எண்ணப்பட்டன. மொத்தம் பதினொன்று. இடது பக்கம் ஆறு, வலது பக்கம் ஐந்து. பெரும்பான்மை இடதுசாரிகளுக்குப் போய்விட்டதால் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் வெளிநடப்பு செய்கிறது. உனக்கு உடம்பு எப்படி? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நம் ஆலைத் தையலக்காவின் கைகள் எப்படி இருக்கின்றன? பிப்ரவரியில் பஞ்சு அறை பற்றி எரிந்த அன்று அவர்களோடு ஆம்புலன்ஸில் ஏறிப் போனவள், துணி எடுக்க ஒரே ஒரு நாள் வந்தாய். சாப்பாட்டு மேசையில் அப்பாவைப் பார்த்து, "உள்ள நான் இருந்திருந்தாலும் பூட்டியிருப்பீங்களா?" என்று கேட்டாய். அவர் மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நீ பெட்டியை எடுத்துக்கொண்டு போய், அந்த ஆஸ்பத்திரியிலேயே பதிவு மேசையில் வேலையும் தேடிக்கொண்டாய். அதன்பின் பஞ்சு அறை, பின்கதவு, சாவி ஆகிய மூன்று சொற்களும் நம் வீட்டு அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. மெத்தை ஆலையில் வேலை வழக்கம்போல நடக்கிறது. பின்கதவுச் சாவியும் வழக்கம்போல அப்பாவின் இடுப்பில்.

ஜனவரியில் தேர்தல். மூன்றாவது முறை நிற்கப்போகிறார். துண்டறிக்கையை நான்தான் பிழை பார்த்தேன்: "பதினெட்டு வயதில் வாடகை அறையில் ஒற்றைத் தையல் இயந்திரம், நாற்பதில் நூற்றிருபது பேருக்கு வேலை, வணிகர் சங்கத் தலைவர், இருமுறை சட்டமன்ற உறுப்பினர்." கட்சிக் கொள்கை பழையதைக் காப்பது. எனவே புதிதாக எது வந்தாலும் எதிர்த்துக் கை தூக்குவார். மன்ற நாற்காலிகளுக்கு மெத்தை போடும் தீர்மானத்தில் மட்டும் நடுநிலை வகித்தார். மெத்தைக்காரன் அதில் ஓட்டுப் போடக் கூடாதாம். தீர்மானம் தோற்று, மாண்புமிகுக்கள் இன்றும் மரத்தில் உட்கார்ந்து நெளிகிறார்கள்.

இப்போது உண்மையான செய்தி. சனிக்கிழமைகளில் அப்பா தொகுதிக் கடிதங்களைப் படித்துத் தன் கையாலேயே பதில் எழுதுவார் அல்லவா? அதில் எனக்குப் பதவி கிடைத்திருக்கிறது. வந்த உறைகளை அடுக்குவது, போகும் உறைகளுக்குத் தபால்தலை ஒட்டிப் பெட்டியில் போடுவது. அஞ்சல்துறை அமைச்சர். அதிகாரம் கையில் வந்தால் தவறாகப் பயன்படுத்த வேண்டும் என்பது மரபு, எனவே நானே ஒரு வாக்காளரை உண்டாக்கிவிட்டேன். ஓய்வுபெற்ற லிஃப்ட் இயக்குநர். வயது எழுபத்திரண்டு. வாழ்க்கையின் ஏற்ற இறக்கங்களை எல்லாம் பார்த்தவர். விலாசம், பட்டறைத் தெரு 47. அந்தத் தெரு நாற்பத்தாறோடு முடிந்துவிடுகிறது. இடது கையால் நடுங்க நடுங்க எழுதி, நிஜமாகவே தபாலில் போடுகிறேன். அப்பா எழுதும் பதிலை அமைச்சர் அடுக்கிலிருந்து உருவிக்கொள்கிறார். இரண்டு கடிதம் போய்விட்டது. அப்பாவுக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. இந்த மூளையை வைத்துக்கொண்டு நான் கணக்கில் எப்படித் தோற்கிறேன் என்பது ஆராய்ச்சிக்குரியது.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
தம்பி (அ.அ. என்றால் அஞ்சல்துறை அமைச்சர்)


ஜூன் 14

அன்புள்ள வாலுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல், மாடித் துணியை நீ போய் எடு. மீசைக்காரனுக்கு அதுகூடவா சொல்ல வேண்டும்?

என் அறை நாலாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரியின் துணி துவைக்கும் கூடம். வேலை கஷ்டமில்லை. பெயர், வயது, எப்படிக் காயம் ஏற்பட்டது. மூன்றாவது கட்டத்தில் எழுத இடம் போதாது. மற்றபடி சுலபம்.

எந்த அறைக்குள் போனாலும் முதலில் கதவைத்தான் பார்க்கத் தோன்றுகிறது, மனிதர்களை அப்புறம்தான். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வருகிறது.

லிஃப்ட் தாத்தாவோடு விளையாட்டு போதும். அப்பா ஒரு விஷயத்தில் பொய் சொல்வதில்லை. கடிதத்துக்குப் பதில் எழுதினால் மனதோடுதான் எழுதுவார். அதில் கை வைக்காதே.

அம்மாவுக்கு என் அன்பு.
அக்கா


ஜூன் 22

மாண்புமிகு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. சுகம் என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். நாங்களும் அவ்வாறே. "அம்மாவுக்கு அன்பு" என்று மட்டும் எழுதினாயே, உறையை மேசைமேல் வைத்தபோது அப்பா அதைத் தொடாமல், தலையைச் சாய்த்து, தபால் முத்திரையில் தேதியைப் பார்த்தார். பிறகு "மழை வருமா?" என்று கேட்டார். ஜூன் வெயில் மண்டையைப் பிளக்கிறது.

தையலக்காவைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே காணோம். தபாலில் உதிர்ந்துவிட்டதா?

நீ எழுதியது வருவதற்குள் லிஃப்ட்காரரின் மூன்றாவது கடிதம் போய்விட்டது (அதாவது, வந்த மறுநாள். அமைச்சர்கள் தேதியில் கொஞ்சம் முன்பின் இருப்பார்கள்). அதில் ஒரு வரி வைத்தேன் பார்! என்ன வரி என்று சொல்ல மாட்டேன். அதெல்லாம் பிறவி ஞானம். அப்பா இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். படித்ததைப் பதில் தட்டில் போடுகிறவர், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"யாருடா இந்த லிஃப்ட்காரர்? நம்ம தொகுதியில லிஃப்ட் இருக்கிற கட்டடமே மூணுதானே?"

நான் அடுக்கிய உறைகளையே மறுபடி அடுக்கத் தொடங்கினேன். "வேற ஊர்ல வேலை பாத்திருப்பாருப்பா. ரிட்டையராகி இங்க வந்திருப்பார்."

"ம். ஏறி இறங்கினவர் பேச்சுல ஒரு நிதானம் இருக்கு."

இன்னொன்று. தொழிற்கூடக் கதவு மசோதா என்று ஒன்று மன்றத்துக்கு வருகிறது. வேலை நேரத்தில் எந்தக் கதவையும் வெளியிலிருந்து பூட்டக் கூடாது, உள்ளிருந்து திறக்க வேண்டும் என்கிறது. அப்பாவின் கட்சி எதிர்க்கிறது. எதிர்த்து முதலில் பேச வேண்டியவர் யார் தெரியுமா? ஆலை வைத்திருப்பவர், அனுபவஸ்தர் என்று கொறடா நம் வீட்டுக்கே வந்து உரையைக் கொடுத்துவிட்டுப் போனார். பதினாலு பக்கம். அப்பா இன்னும் பிரிக்கவில்லை.

வணக்கங்களுடன்,
பிறவி ஞானி


ஜூலை 2

வாலு,

நலம். நீயும் அப்படித்தான் என்று நம்புகிறேன், ஏனென்றால் உனக்கு என்னிடமிருந்து கிடைக்கப்போகும் குட்டுக்குத் தேக ஆரோக்கியம் வேண்டும்.

லிஃப்ட்காரரை இன்றைக்கே சாகடித்துவிடு. மாரடைப்பு, மகன் வீட்டுக்குப் போய்விட்டார், எதுவானாலும் சரி. மசோதா வரும் நேரத்தில் இது விளையாட்டில்லை.

அவருக்கு அப்பா எழுதிய பதிலை முழுதாக எனக்கு அனுப்பு.

அக்கா


ஜூலை 9

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அவரைச் சாகடி, ஆனால் அவருக்கு வந்த தபாலை அனுப்பு என்கிறாய். நீயும் அரசியலுக்கு வரலாம்.

அப்பாவின் பதிலை இதனுடன் வைத்திருக்கிறேன். பத்திரம். இதைப் படித்த பிறகு எனக்கு இரண்டு நாளாக ஜோக்கு வரவில்லை. டாக்டரைப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

தம்பி

*

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. உடல்நலம் பேணவும். கை நடுக்கத்தோடு எழுதுகிறீர்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது. வேறு யாரையாவது எழுதச் சொன்னாலும் எனக்குக் குறையில்லை.

கதவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் தொழில் தொடங்கிய மூன்றாம் வருடம், வேலை நேரத்திலேயே பின்வாசல் வழியாகத் துணிச்சுருள் முழுவதும் திருட்டுப் போயிற்று. ஆறு பேருக்கு வேலை இல்லை என்று சொல்லி அனுப்ப நேர்ந்தது. அன்று செய்த பூட்டு அது. நூற்றிருபது பேரின் பிழைப்பைக் காக்கும் பூட்டு என்றுதான் முப்பது வருடம் நினைத்திருந்தேன்.

நீங்கள் கதவைத் திறந்து மூடியே வாழ்ந்தவர். ஒன்று கேட்கிறேன். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர் என்ன செய்வார்? வெளியே இருப்பவருக்கு அந்தச் சத்தம் கேட்குமா?

என் வீட்டில் ஒருத்தி இதே போன்ற ஒன்றைக் கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்தும் சொல்லவில்லை.

பதில் எழுதுங்கள். காத்திருப்பேன்.

தங்கள் பிரதிநிதி


ஜூலை 24

அக்காவுக்கு,

நலமா? இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. அம்மா தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலைப் பெருக்குகிறாள். தினம் நாலு தடவை பெருக்கி வாசலே தேய்ந்துவிட்டது.

மசோதா முந்தாநாள் வந்தது. வானொலியில் நேரடியாகக் கேட்டோம். அப்பாவின் பெயரைக் கூப்பிட்டதும் அம்மா கரண்டியை அப்படியே பிடித்தபடி நின்றாள்.

"தலைவர் அவர்களே, எனக்கு எழுதிக் கொடுத்த உரை மேசைமேல் இருக்கிறது. என் சட்டைப் பையில் வேறொன்று இருக்கிறது. என் தொகுதி வாக்காளர் ஒருவர், ஓய்வுபெற்ற லிஃப்ட் இயக்குநர், எனக்கு எழுதியது. படிக்க அனுமதி வேண்டும்."

படித்தார். "எந்த அறைக்குள் போனாலும் முதலில் கதவைத்தான் பார்க்கத் தோன்றுகிறது, மனிதர்களை அப்புறம்தான். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வருகிறது."

வானொலியில் யாரோ இருமினார்கள். அப்புறம் அப்பா சொன்னார்: "பழையதைக் காப்பவன் நான். நம் பாட்டன் வீட்டுக் கதவெல்லாம் உள்ளிருந்து திறந்தவை. வேலை செய்கிறவர்களை வெளியிலிருந்து பூட்டி வைப்பதுதான் புதுப்பழக்கம். புதுப்பழக்கங்களை நான் எதிர்க்கிறேன்."

மசோதா ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. அந்த ஒரு ஓட்டு நம் வீட்டில்தான் குடியிருக்கிறது.

நம் ஆலையைப் பற்றி மட்டும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா வானொலியை நிறுத்திவிட்டு, "இவ்வளவு சொன்னவர் அதையும் சொல்லியிருக்கலாம்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அடுப்பிடமாக இருக்கும்.

நேற்றுக் கொறடா வந்தார். கதவைத் தட்டவே இல்லை, நேராக உள்ளே.

"யாருய்யா அந்த லிஃப்ட்காரன்? எதிர்க்கட்சிக்காரன் எழுதிக் குடுத்த நாடகத்தை வாசிச்சிட்டு வந்திருக்கே!"

"என் வாக்காளர்."

"அப்ப கொண்டு வா. ஆகஸ்ட் பத்துல கட்சிக் கூட்டம். அந்த ஆள் வந்து நின்னா மனசாட்சிப்படி ஓட்டுப் போட்டேனு நாங்களே சொல்லிக்கிறோம். வரலைன்னா நீ பொய்யன். சீட்டும் இல்லை, கட்சியும் இல்லை."

"வருவார்" என்றார் அப்பா. "நேர்மையான மனுஷன்."

நேர்மையான மனுஷன் அப்போது சோபாவுக்குப் பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

உடனே பதில் போடு.
தம்பி


ஆகஸ்ட் 1

அக்கா,

நலம் கேட்கவெல்லாம் நேரமில்லை. இருந்தாலும் கேட்கிறேன், நலமா? நான் நலமில்லை.

பத்திரிகைக்காரர் ஒருவர் பட்டறைத் தெருவுக்குப் போய்த் தேடிவிட்டு, "நாற்பத்தேழாம் எண் எங்கே?" என்று தலைப்புப் போட்டு எழுதிவிட்டார். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "வாடா, போய்ப் பாத்துட்டு வருவோம்" என்று என்னையே கூப்பிட்டார்.

போனோம். தெரு முழுக்க வெல்டிங் கடை, இரும்பு வாசனை. அப்பா கதவு எண்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடந்தார். நாற்பத்து நாலு, நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. அதற்கப்புறம் மதில். தலைக்கு மேல் உயரம். அதில் போன தேர்தலில் ஒட்டிய அப்பாவின் படமே, பாதி கிழிந்து, ஒற்றைக் கண்ணோடு எங்களைப் பார்த்துச் சிரித்தது.

நாற்பத்தாறாம் வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். "எங்க வீட்டோட தெரு முடிஞ்சுது சார். நாங்கதான் கடைசி."

"எண்ணைத் தப்பா எழுதியிருப்பார். வயசானவர், கை நடுக்கம்" என்றார் அப்பா. பிறகு அந்தத் தெருவில் ஒரு வீடு, ஒரு கடை விடவில்லை, அக்கா. ஒவ்வொரு கதவாகத் தட்டி, தானே வணங்கி, "இங்க லிஃப்ட் வேலை பாத்த பெரியவர் யாராவது இருக்காரா?" என்று கேட்டார். வெல்டிங் கடைப் பையன்கள் அவர் முதுகுக்குப் பின்னால் லிஃப்ட் ஏறுவது போல நடித்துக் காட்டினார்கள். வேறு நாளாக இருந்தால் அது நானாகத்தான் இருந்திருக்கும்.

கடைசிக் கதவு முடிந்ததும் மதிலோரம் நின்று, "உடம்பு சரியில்லாம எங்கயாவது படுத்திருக்காரோ என்னவோ" என்றார். தனக்குச் சீட்டுப் போகும் என்றல்ல. அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "தாகமா இருக்குப்பா" என்று வந்தது. சோடா வாங்கிக் கொடுத்தார்.

பத்தாம் தேதிக்கு ஒன்பது நாள். நான் என்ன செய்ய?


ஆகஸ்ட் 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. கோபம் இல்லை.

மசோதா வந்த அன்றைக்கு இங்கே வார்டிலும் வானொலி ஓடியது. கட்டு மாற்றும் நேரம். அப்பாவின் குரல் கேட்டதும் நிறுத்தப் போனேன். தையலக்கா, "இருக்கட்டும்மா, முதலாளி என்னதான் பேசறார்னு கேப்போம்" என்றார். அந்த வரி வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். பிறகு, "இது நான் சொன்னதாச்சே" என்றார்.

ஆமாம். நீ என் கடிதத்திலிருந்து எடுத்தாய் என்று வரியைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, பிறவி ஞானியே. ஆனால் அது என் வரியும் இல்லை. ஜூன் மாதம் அவரை முதன்முதலாக நடக்க வைத்தபோது, ஒவ்வொரு அறை வாசலிலும் நின்றார். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். அப்போது சொன்னது. அவர் சொன்னது என்று உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. நீ அவரைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் பதில் எழுதாமல் விட்டதும் அதனால்தான். இப்போது எழுதுகிறேன். உயிருக்குப் பயமில்லை. வலது கையில் இரண்டு விரல் மடங்காது. ஊசி பிடிக்க முடியாது. அந்தக் கதவை ஆறு நிமிடம் தட்டியிருக்கிறார். இதை அப்பா என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்.

தையலக்கா நம் தொகுதி ஓட்டுத்தான். அப்பா மன்றத்தில் சொன்னது பொய்யில்லை. ஒரு வாக்காளர்தான் சொன்னார், லிஃப்ட்காரர் இல்லை, அவ்வளவே. "என்னைச் சொல்லிக்கட்டும், எனக்கு ஒண்ணும் இல்லை" என்கிறார். ஆனால் அவரைச் சொன்னால், எந்தக் கதவு, யார் பூட்டியது என்பதையும் அப்பா சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். சொல்வாரா என்று எனக்குத் தெரியாது. அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் சொல்ல வேண்டியவன் நீ.

பயமாக இருக்கும். போய்ச் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 9

மாண்புமிகு அக்காவுக்கு,

எல்லோரும் பரம சௌக்கியம். வெற்றி! சொல்லிவிட்டேன். நேராக அப்பாவின் அறைக்குப் போனேன். நெஞ்சை நிமிர்த்தினேன். "அப்பா, லிஃப்ட்காரர் நான்தான். தண்டனை எதுவானாலும் கொடுங்கள்" என்றேன். குரல் நடுங்கவில்லை. கண் இமைக்கவில்லை. அவர் என் தைரியத்தைப் பார்த்து அசந்துவிட்டார். தையலக்காவைப் பற்றியும் சொன்னேன். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. நாளைக்குக் கூட்டம். அப்பா யாரோடும் பேசாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்.

வீரவணக்கங்களுடன்,
அஞ்சா நெஞ்சன்


ஆகஸ்ட் 13

அஞ்சா நெஞ்சனுக்கு,

நலம். அப்பாவிடமிருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. ஆறு மாதத்தில் முதல் கடிதம். அதில் குளியலறைக் கதவைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது.

மரியாதையாக நடந்ததை எழுது.

அக்கா


ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் தையலக்காவும் சுகமாக இருக்க வேண்டும்.

சரி. நெஞ்சை நிமிர்த்தவில்லை. அறைக்கும் போகவில்லை. லிஃப்ட்காரரை விட்டுக் கடைசியாக ஒரு கடிதம் எழுத வைத்தேன். "ஐயா, நான் இல்லை. என்றைக்கும் இருந்ததில்லை. உங்கள் மகன் என்னை எழுதினான். நீங்கள் படித்த வரி உங்கள் ஆலைத் தையல்காரர் ஆஸ்பத்திரியில் சொன்னது, தன் பெயரைச் சொல்லலாம் என்கிறார்" என்று. அதைச் சனிக்கிழமை அடுக்கில் அடியிலிருந்து இரண்டாவதாகச் செருகிவிட்டு, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். குழாயையும் திறந்துவிட்டேன், அழுதால் கேட்காமல் இருக்க.

ஒவ்வொரு உறையாகக் கிழிபடும் சத்தம் வந்தது. எண்ணினேன். பதின்மூன்றாவதுக்குப் பிறகு சத்தம் நின்றுவிட்டது. நாற்காலி நகர்ந்தது. நடை.

"டேய்."

நான் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்தேன்.

"வெளில வாடா. அடிக்க மாட்டேன்."

வரத்தான் நினைத்தேன், அக்கா. தாழ்ப்பாள் நகரவில்லை. முதலில் பயத்தில் கை வழுக்குகிறது என்று நினைத்தேன். இரண்டு கையாலும் இழுத்தேன். சிக்கிக்கொண்டுவிட்டது. தட்ட ஆரம்பித்தேன். பிறகு கத்த ஆரம்பித்தேன். என்ன கத்தினேன் என்பதை எழுதப் போவதில்லை. அம்மாவிடம் கேட்டாலும் சொல்லமாட்டாள், சத்தியம் வாங்கிவிட்டேன்.

"இங்கதான் இருக்கேன். போகல. கதவை விட்டுத் தள்ளி நில்லு" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா திருப்புளி கொண்டுவந்தாள். கீல் ஆணியில் வைத்தால் வழுக்கி வழுக்கி விழுந்தது. ஆலையில் இயந்திரத்தையே பிரித்துப் பூட்டுகிற கை அது. திருப்புளி தரையில் விழும் சத்தத்தை நான் உள்ளிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன், அக்கா.

நாலு நிமிடம்தான் என்று அம்மா சொல்கிறாள். உள்ளே வெளிச்சம் இருந்தது, தண்ணீர் இருந்தது, புகை இல்லை. அப்படியும்.

கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு அப்பா ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வேலை முடிந்தது, இனி அறைதான் விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அந்தம்மா எவ்வளவு நேரம் தட்டினாங்க?"

"ஆறு நிமிஷம்பா. அக்கா எழுதியிருந்தா."

அப்பா எழுந்து போய் உனக்குக் கடிதம் எழுதினார்.

பத்தாம் தேதி கூட்டத்துக்குப் போய், லிஃப்ட்காரர் என்று யாரும் இல்லை, அந்த வரி தன் ஆலைத் தொழிலாளியுடையது, அந்தக் கதவு தன்னுடையது, பூட்டியதும் தான்தான் என்று நின்று சொல்லிவிட்டு வந்தார். மன்றத்திலும் மறுநாள் அதையே சொன்னார். பையன் செய்தான் என்று என்மேல் போட்டிருக்கலாம். "கடிதத்தை யார் எழுதினது என்பது என் வீட்டு விவகாரம். கதவை யார் பூட்டியது என்பதுதான் உங்கள் விவகாரம்" என்றாராம். கட்சி விலக்கிவிட்டது. சீட்டு இல்லை. போலீஸ் விசாரணை வரலாம் என்கிறார்கள், அம்மா தூங்குவதில்லை. பத்திரிகையில் "மதில் உறுப்பினர்" என்று படம் போட்டுக் கிண்டல். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "மெத்தைக்கு மதில் தேவலை, நிமிர்ந்தாவது நிக்குது" என்றார். இத்தனை வருடத்தில் அவர் சொன்ன முதல் ஜோக். என்னால் சிரிக்க முடியவில்லை. வயதாகிறது போலிருக்கிறது.

இந்தச் சனிக்கிழமை அவர் கடிதங்களுக்குப் பதில் எழுதப் போவதில்லை. பின்கதவில் இப்போது பூட்டு இல்லை. அந்தச் சாவியை இடுப்பிலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காலை பஸ்ஸில் அங்கே வருகிறார். தையலக்காவிடம் என்ன பேசுவது என்று நேற்று என்னிடமே இரண்டு முறை கேட்டார். சீட்டு போனபோதுகூட அவர் சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறார். உன் அறை நாலாவது மாடி என்றதும், "லிஃப்ட் இருக்குமா?" என்றார். இல்லை, படிதான் என்றேன். "பரவாயில்லை, ஏறிடலாம்" என்றார். ஏறி வந்து தட்டினால் நீ திறப்பாயா மாட்டாயா என்பதைத்தான் அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எழுதிவிட்டு மட்டும் நிறுத்திக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. லிஃப்ட்காரர் கடிதங்கள் மூன்றும் என் மூளை என்று பீற்றிக்கொண்டேன். முதல் இரண்டு மட்டும்தான் என்னுடையவை. அவை இரண்டுக்கும் அப்பா "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே வரிதான் பதில் போட்டிருந்தார். உனக்கு அதை எழுதாமல் மறைத்துவிட்டேன்.

பிறகு அந்த மீசை விஷயம். பதினொன்று இல்லை. மூன்று. மீதி எட்டும் நீ விட்டுப்போன கறுப்புப் பேனா.

உன் தம்பி